கம்பு குத்திய கைகளும் முத்துக் குற்றிய பாட்டும்

பரளச்சியில் மாவு மில் வந்த கதையை ஆண்களிடம் கேட்டால் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். எங்கிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள், எத்தனை குதிரைச் சக்தி, பட்டை அறுந்தால் யார் வந்து தைப்பார், மில் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று பேச்சு நீளும். அதே கேள்வியைப் பெண்களிடம் கேட்டால் எஞ்சின் கடைசியில்தான் வரும். "மொதக் கோழி கூப்பிட எந்திரிக்கணும் தாயி. கம்பு குத்தி முடிக்கயில விடிஞ்சிரும். விடிஞ்சா காட்டு வேல. மிசின் வந்தப்பெறகுதான் விடியக்காலம்னா என்னன்னு படுத்துக்கிட்டே பாத்தேன்" என்றார் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி.

ஒரே ஊர், ஒரே மில், இரண்டு வரலாறுகள். ஆண்கள் சொல்வது இயந்திரத்தின் வரலாறு, உடைமையின் வரலாறு. பெண்கள் சொல்வது நேரத்தின் வரலாறு. முதலாவதற்குப் பத்திரம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. இரண்டாவதற்கு உள்ளங்கைக் காய்ப்பு ஒன்றுதான் சான்று. அதுவும் உடம்போடு போய்விடும். அப்படியானால் அந்த நேரத்தை எங்கே தேடுவது? தமிழ் படித்தவள் என்பதால் நான் இலக்கியத்தில் தேடினேன். குற்றுவதும் அரைப்பதும் தமிழில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடப்பட்டிருக்கின்றன. அந்தப் பாட்டுகளில் உரல் இருக்கிறது, உலக்கை இருக்கிறது. தானியமும் வலியும் மட்டும் பெரும்பாலும் காணவில்லை.

1

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் மாணவிகளில் பலர் உலக்கையைச் சடங்கு வீட்டில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரிப் பயிர்தான் சோறு. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு. நெல் என்பது கண்மாய் நிறைந்த ஆண்டின் விளைச்சல். கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டுக் குத்தித் தோல் நீக்க வேண்டும். சுளகில் புடைத்துத் தோலைத் தள்ளிவிட்டு, மறுபடி உரலில் போட்டு இடிக்க வேண்டும். பிறகு மாவும் நொய்யும் பிரியும்வரை கொழிக்க வேண்டும். குதிரைவாலிக்கும் வரகுக்கும் உமி இன்னும் கடினம். திருகையில் இட்டுச் சுற்றி உமியை உடைத்து, புடைத்து, உரலில் தீட்டி, மறுபடி புடைத்தால்தான் அரிசி கண்ணில் படும். இடித்த மாவு நாள்பட வைத்தால் கசந்துபோகும் என்பதால், கம்பு தின்னும் வீட்டில் இடிப்பதும் அன்றாட வேலைதான். மூட்டையாக விளைந்தது வீட்டுக்குள் வந்தபின், ஒவ்வொரு வேளைக்கும் மறுபடி ஒரு அறுவடை. அந்த அறுவடையைச் செய்தவள் பெண்.

இரண்டு பெண்கள் எதிரெதிர் நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது அடுத்தவளுடையது இறங்கும். மூச்சு தப்பினால் பூண் விரலில் இறங்கும். தாளம் தப்பாமலிருக்கப் பாட்டு வேண்டியிருந்தது. அந்தப் பாட்டின் வேர் அழகுணர்ச்சியில் இல்லை, உடம்பின் தேவையில் இருக்கிறது.

2

அந்தப் பாட்டுக்கு இலக்கியம் வைத்த பெயர் வள்ளை. குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் வள்ளை பாடுகிறார்கள். யானைத் தந்தம் உலக்கையாகிறது, சேம்பின் இலை சுளகாகிறது, பாறையே உரலாகிறது. அதில் இடுவது மூங்கில் நெல். தானியம் இன்னும் தானியமாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றுவது உணவுக்காக அல்ல, தலைவனைப் பழிக்கவும் புகழவும் ஒரு சாக்கு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதைக்கு வரும்போது தானியமும் போய்விடுகிறது. புகார் மகளிர் கரும்பை உலக்கையாக்கி முத்தைக் குற்றுகிறார்கள். மதுரை மகளிருக்குப் பவழ உலக்கை. வஞ்சி மகளிருக்குச் சந்தன உரலும் தந்த உலக்கையும். மூன்று நகரத்துப் பெண்களும் இடிப்பது முத்து, பாடுவது மூவேந்தர் புகழ். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் இடிப்பது இறைவன் நீராடப் பொற்சுண்ணம். அந்தப் பாட்டு இன்றும் சைவர் வீட்டு இறப்புச் சடங்கில் சுண்ணம் இடிக்கையில் பாடப்படுகிறது.

முத்தை யாரும் இடித்துத் தின்பதில்லை. கரும்பை உலக்கையாக்கினால் இரண்டு குத்தில் முறிந்துவிடும். இது கவிஞருக்குத் தெரியாததல்ல. வேலையின் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடுவதே இங்கே கவிதையின் உத்தி. தோளின் ஏற்ற இறக்கம், வளையின் ஓசை, இடையின் ஒசிவு எல்லாம் கிடைக்கின்றன. பசியும் வியர்வையும் நிற்கும் கால்களும் கிடைப்பதில்லை. பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ற உழைப்பு மட்டும் இலக்கியத்துக்குள் நுழைந்திருக்கிறது. கம்பும் வரகும் இடிக்கும் கைகளுக்கு முத்தைக் கொடுத்ததைப் பெருமைப்படுத்துதல் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். வேலையை மறைப்பதற்கு அதைவிட விலையுயர்ந்த திரை இருக்க முடியாது என்று நான் வாசிக்கிறேன்.

விதிவிலக்கு உண்டு, அது நம் மண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயிற்றியரைக் காட்டுகிறார். கரம்பை நிலத்தைக் கிளறி, புழுதி படிய, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். விளாமரத்து நிழலில், முற்றத்துத் தரையிலேயே குழித்த உரலில் இட்டுக் குற்றுகிறார்கள். ஆழ்ந்த கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். இங்கே முத்து இல்லை, அரசன் பெயர் உலக்கையோடு ஏறி இறங்கவில்லை. தானியம் எங்கிருந்து வந்தது, நீர் எப்படிப்பட்டது, பானை எந்த நிலையில் இருந்தது என்பது வரை இருக்கிறது. அதே நூலின் முல்லைக் குடியிருப்பில் யானைக் கால் போன்ற திரிமரமும் நிற்கிறது. நம் பாட்டிமார் சொன்ன திருவையின் மூதாதை அது. ஒரு புலவர் பார்க்க நினைத்தால் பார்த்திருக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே மற்ற இடங்களில் தானியம் காணாமல்போனதைக் காலத்தின் மேல் போட்டுவிட முடியாது.

பழமொழிகளும் இதே கதைதான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கம் இடி என்கிறோம். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா என்கிறோம். உரலின் துயரம் தெரிகிறது. உலக்கையை நூறு தடவை தூக்குகிறவளின் துயரத்துக்கு இவற்றில் இடம் இல்லை.

3

பரளச்சியிலிருந்து திருச்சுழி அதிக தூரமில்லை. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமணர். தாய் அழகம்மாள் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் மகனோடு தங்கினார். ஒருநாள் அப்பளம் இடும் வேலைக்கு மகனையும் கைகொடுக்கக் கூப்பிட்டார். மகன் அப்பளம் இடவில்லை. அப்பளப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டில் 'நான்' என்னும் அகந்தைதான் உளுந்து. 'நான் யார்' என்னும் விசாரம் திருகை. அதில் உடைத்துப் பொடியாக்க வேண்டும். பிரண்டைச் சாறும் சீரகமும் மிளகும் உப்பும் பெருங்காயமும் ஒவ்வொரு நற்குணமாகின்றன.

அப்பளத்தின் ஒவ்வொரு படியும் அதில் சரியாக இருக்கிறது. அடுக்களையைக் கூர்ந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் உட்கார்ந்து அவரே காய் நறுக்கினார், துவையல் அரைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே இது ஒரு ஞானியின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. நான் கேட்பது பாட்டைப் பற்றி. ஒரு தாய் கேட்டது கை, கிடைத்தது உருவகம். அன்றைய உளுந்தை உடைத்தது யார் என்ற கேள்வியைப் பாட்டின் எந்த விளக்கவுரையாளருக்கும் கேட்கத் தோன்றாதபடி அந்த உருவகம் நிறைவாக இருக்கிறது. திருகை விசாரமாகிவிட்டபின் அதைச் சுற்றும் தோளுக்கு வலிக்கும் என்று சொல்வது அற்பமாகிவிடுகிறது.

மராட்டியில் இதே திருகை வேறு திசையில் சுழன்றது. நாமதேவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஜனாபாய், திருகை சுற்றியவள், பாடியவள். அவளுக்குத் துணையாக விட்டலனே வந்து திருகை சுற்றினான் என்பது மரபு. வேலை செய்கிறவள் பாடும்போது அவள் கடவுளிடம் வேண்டுவது ஞானத்தை மட்டுமல்ல, இன்னொரு ஜோடிக் கையையும்தான். மராட்டிய கிராமங்களில் திருகைப் பாட்டுகளை ஹேமா ராய்ர்கரும் கி புவத்வேனும் பெண்களிடமிருந்தே திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அந்தப் பாட்டுகளில் சாதி, மாமியார், அம்பேத்கர், பிள்ளைப்பேறு எல்லாம் வருகின்றன. விடியலுக்கு முன்னான இருட்டில், ஆண்கள் தூங்கும் நேரத்தில் அவை பாடப்பட்டன. எலக்ட்ரிக் மில் வந்தபின் பாட்டு ஓய்ந்தது. இதை இழப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாடியவர்களில் யாரும் திருகையைத் திரும்பக் கொடு என்று கேட்டு ஊர்வலம் போனதில்லை.

4

மில் நல்லதா கெட்டதா என்ற வாதத்தை நம் நாட்டில் பெரிதாக நடத்தியவர்கள் காந்தியர்கள். 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. அதை நடத்திய ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம் கரிசலை ஒட்டிய டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். தீட்டிய அரிசியில் சத்துப் போகிறது, மில் வந்தால் நெல் குத்திக் கூலி வாங்கும் ஏழைப் பெண்ணின் பிழைப்புப் போகிறது என்பது அவர்களுடைய வாதம். இரண்டும் உண்மை. வசதியான வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்துத் தானியமும் தவிடும் கூலியாகப் பெற்ற பெண்களுக்கு மில் ஒரு அடி. அவர்களில் நிலமில்லாதவர்களும் கணவனை இழந்தவர்களும் ஏராளம். விடுதலைக்குப் பின் 1958இல் வந்த அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு அனுமதி தருமுன் அதனால் அந்தப் பகுதியில் கணிசமான வேலையிழப்பு வருமா என்று பார்க்கச் சொன்னது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெண்தான் இருந்தாள், கூலிக்குக் குத்தியவள். தன் வீட்டுக்குக் குத்தியவள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் வேலைக்குக் கூலி இல்லாததால் அது வேலையில்லை. வேலையில்லாததால் அது போனது யாருக்கும் லாபமாகத் தெரியவில்லை. கூலிக்குக் குத்தியவளுக்கு இழப்பும் வீட்டுக்குக் குத்தியவளுக்கு விடுதலையும் ஒரே எஞ்சினில் வந்தன. பல குடிசைகளில் இருவரும் ஒரே பெண். பகலில் இன்னொருவர் வீட்டு நெல், விடியலில் தன் வீட்டுக் கம்பு. இந்தப் பெண்ணை வைத்து யோசித்தால் மில் வேண்டுமா வேண்டாமா என்ற வாதமே தலைகீழாகிறது. மில் யாருடையது, அரவைக் கூலியை யார் நிர்ணயிப்பது, போன கூலிக்குப் பதில் என்ன என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

5

வட்டாரத்தில் எஞ்சின் மில்களும், பிறகு மின்கம்பி வந்தபின் மோட்டார் மில்களும் பரவின. ஒரு கல் அசையாமல் நிற்கும், மற்றொன்று சுழலும். மேலே தொட்டி, கீழே மாவு வந்து விழும் துணிக் குழாய். திருகைதான், படுத்திருந்தது நிமிர்ந்துவிட்டது. கல் மழுங்கினால் அதையும் கொத்தத்தான் வேண்டும். ஊர்ப் பேச்சில் அதற்கு மில் என்ற பெயர்கூடக் குறைவு. 'மிசினுக்குப் போறேன்' என்பார்கள்.

அந்தப் 'போறேன்' ஒரு புதிய சொல். உரல் வீட்டில் இருந்தது, மிசின் தெருக்கோடியில். காடு, கிணறு, கோயில் தவிர ஒரு பெண் ஒற்றைக்குக் கிளம்பிப் போகக் காரணம் சொல்லத் தேவையில்லாத இடம் ஒன்று உருவானது. பனையோலைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முறை வரும்வரை சுவரோரம் உட்கார்ந்திருப்பது வேலையாகவும் இருந்தது, ஓய்வாகவும் இருந்தது. எஞ்சின் இரைச்சலில் பேசியது பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும். வள்ளைப் பாட்டு ஓய்ந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சு தொடங்கியது.

எல்லோருக்கும் அது ஒரே மாதிரி திறந்த கதவு அல்ல. நான் சிறுபெண்ணாகப் போன மில் ஒன்றில் வரிசை என்பது பெட்டிகளின் வரிசை. சேரியிலிருந்து வந்த பெட்டிகள் எப்போதும் நகர்ந்து நகர்ந்து கடைசிக்குப் போயின. முந்தையவர் மாவு கலந்துவிடும் என்று முதல் பிடியைத் தள்ளிவைப்பது எங்கும் உள்ள வழக்கம். யாருக்குப் பின் அரைத்தால் எத்தனை பிடி தள்ளுவது என்பதில் சாதி இருந்தது. கல்லுக்குத் தெரியாதது, கல்லருகே நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. மில்லைப் பெண்களின் பொதுவெளி என்று எழுதும்போது எந்தப் பெண்களின் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிச்சமான நேரம் எங்கே போனது? ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்திபாத்தர் என்ற கிரேக்கக் கவிஞர், நீராலை வந்ததைக் கண்டு, திருகை சுற்றும் பெண்களை இனி விடியும்வரை தூங்கச் சொல்லி ஒரு கவிதை எழுதினார். 'மூலதன'த்தில் மார்க்ஸ் அதை நினைவுபடுத்துவது, முதலாளியத்தில் இயந்திரம் வேலைநேரத்தை நீட்டும் கருவியாகிவிட்டதைச் சொல்வதற்காக. கரிசலிலும் அப்படித்தான். மிச்சமான விடியல் கூலிக் களையெடுப்புக்கும் தீப்பெட்டி ஒட்டுவதற்கும் மல்லிகை பறிப்பதற்கும் போனது. வீட்டுக்குள் நடந்ததை விளக்க அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் உதவும். அங்கே மாவாலை வந்தபோது குறைந்தது ஆண்களின் வேலை. நுண்மாவு கிடைத்ததும் பெண்கள் சுட வேண்டிய பண்டங்கள் கூடின. நம் பக்கம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அவித்த இட்லி, கிரைண்டர் வந்தபின் தினசரி எதிர்பார்ப்பாகிவிட்டது. கருவி வேலையைக் குறைத்தது. வீடு தன் கோரிக்கையைக் கூட்டியது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். உலக்கை போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பின் எடுத்த கணக்கு இது.

6

இப்போது உலக்கை திரும்பி வந்திருக்கிறது, பேச்சில். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கம்பும் குதிரைவாலியும் பாக்கெட்டில் கௌரவம் பெற்றன. கூடவே, அம்மி அரைத்து உரல் குத்திய காலத்தில் பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆனது, நோய் இல்லை என்ற மேடைப் பேச்சும் வந்தது. அந்தச் சுகப்பிரசவக் காலத்தில் பிரசவத்தில் செத்தவர்களுக்கு ஒப்பாரி வைத்ததும் இதே பெண்கள்தான். இந்த ஏக்கத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உலக்கையைத் தூக்கியவர்கள் அல்ல. முத்துக் குற்றிய வள்ளையின் இன்றைய வடிவம் இது. அசைவு வேண்டும், தானியத்தின் சத்து வேண்டும், குத்துகிறவள் சிரித்துக்கொண்டே குத்த வேண்டும்.

சிறுதானியம் ஏன் வயலை விட்டுப் போனது என்பதற்கு ரேஷன் அரிசி, மழை, சந்தை என்று காரணங்கள் உண்டு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மில்கள் அரிசிக்கும் மாவுக்குமாக அமைந்தன. குதிரைவாலி, வரகின் உமி நீக்கும் வேலை மட்டும் பெண்ணின் கையிலேயே விடப்பட்டது. மாற்று கிடைத்ததும் அவள் அந்த வேலையை விட்டாள். பயிரும் போயிற்று. இதைப் பெண்களின் சோம்பல் என்றார்கள். ஒரு மறுப்பு என்று இதை வாசிக்க வேண்டும், யாரும் பதிவு செய்யாத ஒரு வேலைநிறுத்தம். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்க முயன்றபோது, பிரசங்கத்தோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்கே கொண்டுவந்து சுயஉதவிக் குழுக்களின் கையில் கொடுத்தது.

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி ஈர மாவு கிரைண்டரை உருவாக்கினார். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. அன்று பத்திரிகைகளிலும் நடுத்தர வர்க்க வரவேற்பறைகளிலும் எழுந்த கேலி நினைவிருக்கிறது. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்றார்கள். டிராக்டருக்கு மானியம் கொடுத்தால் வேளாண் வளர்ச்சி, கிரைண்டரைக் கொடுத்தால் சோம்பல். ஓட்டுக்காகக் கொடுத்தார்கள் என்பது சரிதான். ஓட்டுக்குக்கூட அதுவரை யாரும் அந்தத் தோளை எண்ணிப் பார்த்ததில்லை என்பதும் சரிதான். அதோடு கிரைண்டர் வேலையை மறுபடி வீட்டுக்குள் அழைத்துவந்தது. மிசினுக்குப் போன பெண் சுவிட்சுப் பக்கத்தில் தனியாக நிற்கிறாள். வரிசை இல்லை, வரிசையில் பேச்சும் இல்லை. ஒன்றைப் பெறும்போது எதை இழக்கிறோம் என்று நாமே எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வள்ளைப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது இப்போதெல்லாம் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் வயதில் மூத்த பெண்ணிடம், மிசின் வருமுன் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வந்தபின் எத்தனை மணிக்கு, அந்த இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் பதில் உடனே வந்துவிடுகிறது. மூன்றாவதற்குப் பெரும்பாலான தாள்களில் வேறு வேலைகளின் பட்டியல் இருக்கிறது. ஒரே ஒரு தாளில் மட்டும், "அப்பத்தா சும்மா படுத்திருந்தாங்களாம்" என்று எழுதியிருந்தது. அந்த வரிக்கு மதிப்பெண் எவ்வளவு போடுவது என்று சக ஆசிரியை கேட்டார். முழு மதிப்பெண் போட்டேன்.